கதையில் எங்கள் பங்கு



நாவலைப் படமாக்கினால் வாசகருக்கு ஏன் கோபம் வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலடியில் சினிமாக் கதையோ என்று சிலர் நினைக்கக்கூடும். பழைய கதையைப் புதிதாகச் சொல்வதில் வற்றாப்பளைக்கு இருக்கும் அனுபவம் சென்னையில் எந்தப் படக் கம்பனிக்கும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படத்துக்கு வருவோம்.

மணிரத்னம் இயக்கிய ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகம் 2022 செப்டெம்பர் 30 அன்று வெளியானது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. முதற் பாகம் வந்தபோது இலங்கையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு. கிடைக்கிற லீற்றர்க் கணக்கில் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு படத்துக்காகப் போவது சின்ன முடிவல்ல. போனவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து அவர்கள் சொன்னவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கண் குளிர்ந்தது என்றார் ஒருவர். இது கல்கி எழுதிய கதையே இல்லை என்றார் இன்னொருவர். புத்தகம் வாசிக்காத இளையவர்களோ, யார் யாருக்குச் சித்தப்பன் என்று விளங்குவதற்குள் இடைவேளை வந்துவிட்டது என்றார்கள். அவர்களிலே சிலர் பிறகு ஐந்து பாகங்களையும் தேடி எடுத்து வாசித்தார்கள். வாசித்து முடித்த கையோடு அவர்களும் கோபக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்! வாசிப்பு ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கோபத்தை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. சினிமா வேறு ஊடகம், நாவல் வேறு ஊடகம், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பார்கள். விமர்சகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒப்பிடாமல் எப்படி இருப்பது? நாவலின் பெயரை வைத்துத்தானே படத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

கல்கி இந்தக் கதையைத் தம் வார இதழில் 1950 அக்டோபர் 29 தொடக்கம் மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். 1954 இல் கதை முடிந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் அவரும் மறைந்தார். மூன்றரை ஆண்டு என்பது ஒரு பிள்ளை பிறந்து, நடந்து, கதைக்கத் தொடங்கும் காலம். அவ்வளவு காலமும் வாராவாரம் ஒரு அத்தியாயத்தை வாசித்துவிட்டு அடுத்தது என்ன என்று வீட்டுக்கு வீடு கதைத்த ஆட்கள், அந்தக் கதையை அரைவாசி தாங்களே கட்டியவர்கள். மணியம் வரைந்த ஓவியங்கள் அவர்களுக்கு முகங்களைக் கொடுத்தன. நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவனின் குறும்பும் முதலில் அவர் தூரிகையில் இருந்து வந்தவை. அந்த முகங்களுக்கு நடையும் குரலும் கொடுத்தது வாசகர். இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்தெடுத்துக் கட்டி வைத்த தொகுப்புகள் ஈழத்து வீடுகளிலும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அவற்றின் மதிப்பு இன்னும் கூடியது. வன்னியில் அப்படியான தொகுப்புகளுக்கு என்ன நடந்தது என்பதை நான் இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபோது எதைத் தூக்கினோம், எதை விட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆக, வாசகரின் கோபம் பங்காளியின் கோபம். தான் சேர்ந்து கட்டிய வீட்டைத் தன்னைக் கேளாமல் இடித்துத் திருத்தியவரைப் பார்த்து வருகிற கோபம். அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அந்தக் கோபம் எப்போதும் சரியாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. எதற்குக் கோபிக்கலாம், எதற்குக் கோபிக்க வேண்டியதில்லை என்பதைத்தான் நான் இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கல்கியின் கதையைப் படமாக்க முயன்றவர்கள் பலர். எம்.ஜி.ஆர். 1958 இல் அறிவித்தார், நடக்கவில்லை. கமல்ஹாசனும் எண்ணிப் பார்த்தார். மணிரத்னத்துக்கே இது முதல் முயற்சி அல்ல. மேடைதான் முந்திக்கொண்டது. 1999 இல் சென்னையில் ‘மேஜிக் லான்டர்ன்’ குழு இதை நாடகமாகப் போட்டது. அதற்கு நாடக வடிவம் கொடுத்த இளங்கோ குமரவேல், பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் படத்தின் திரைக்கதையிலும் இருந்தார். கதையை அறியாதவர்கள் கையில் படம் சிக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. விட்டவற்றை அவர்கள் தெரிந்தே விட்டார்கள்.

ஐந்து பாகத்தை ஐந்து மணித்தியாலச் சொச்சத்தில் சொல்ல வேண்டுமென்றால் விடத்தான் வேண்டும். ஒரு அத்தியாயம் இல்லை, ஒரு உரையாடல் இல்லை, நாம் நினைத்த நிறத்தில் குதிரை இல்லை என்றெல்லாம் கோபிப்பதில் பொருள் இல்லை. விட்டதால் கதையில் எது அறுந்தது என்று பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானைக் கல்கி பார்த்திருந்தால் சிரித்திருப்பார். கார்த்தியின் வந்தியத்தேவனும் குறை சொல்ல முடியாதவன். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் இளம் வயது இளவரசன் கரிகாலனையும் அவன் காதலித்த நந்தினியையும் அதிகம் பேசவிடாமல் காட்டியது, நாவலில் நினைவாகவும் பேச்சாகவும் மட்டுமே வருவதைக் கண்முன் கொண்டுவந்தது. கடம்பூர் அரண்மனையில் அவர்கள் இருவரும் கடைசியாக எதிரெதிரே நிற்கும் இடம், என் கணக்கில் நாவலைவிடவும் கனமானது. இதைச் சொன்னால் சில நண்பர்கள் என்னோடு கதைக்காமல் விடுவார்கள். பரவாயில்லை.

இனி அறுந்தது. படத்தில் மணிமேகலை இல்லை. நாவலில் அவள் கடம்பூர்க் கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மேல் அன்பு வைத்து, அவனைக் காப்பாற்றக் கரிகாலனைக் கொன்ற பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியில் உயிர் விடுகிறவள். கல்கி நாவலை முடிப்பது முடிசூட்டு விழாவில் அல்ல, இந்தப் பெண்ணின் சாவில். அரசியலில் எந்த இலாபமும் இல்லாத ஒருத்தி, பெரியவர்களின் சதிக்கு விலை கொடுத்துப் போகிறாள். ஐந்து பாகம் எழுதிய மனிதர் கடைசி அத்தியாயத்தை அவளுக்கு ஒதுக்கினார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அவளை எடுத்துவிட்டால், அரண்மனைச் சண்டை அரண்மனைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய அறுப்பு சேந்தன் அமுதன். நாவலில் தியாகம் என்ற சொல்லுக்கு இருக்கும் எடை முழுவதும் இவன் மேல்தான். தேவாரம் பாடிப் பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிறவன் சோழ அரசி செம்பியன் மாதேவியின் சொந்தப் பிள்ளை என்று தெரியவருகிறது. அரியணையை விரும்பாத அவனுக்குக் கரிகாலனின் தம்பி அருள்மொழி முடியைக் கொடுக்கிறான். படகோட்டிப் பூங்குழலி சோழ நாட்டின் அரசியாகிறாள். படத்தில் முடி போவது, அதை முதலிலிருந்தே ஆசைப்பட்டுச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கு. விட்டுக்கொடுத்தல் அங்கேயும் இருக்கிறது, ஒரு அரச குடும்பத்துக்குள் நடக்கும் சமரசமாக. பூக்காரனும் படகுக்காரியும் அரியணை ஏறுகிற அதிசயம் இல்லை. பூங்குழலி எங்கே போனாள் என்று கேட்ட வாசகருக்குப் படம் பதில் சொல்லவில்லை. இந்த இடத்தில் வாசகரின் கோபத்தோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்.

நமக்கென்று தனியான ஒரு குறையும் உண்டு. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கும் ரசிகருக்கு அது தெரியாது. நாவலின் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ பெரும்பாலும் நம் பக்கத்தில் நடக்கிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் நாகத்தீவுக் கரைக்கு வருகிறான். மாதோட்டம் வருகிறது, தம்பள்ளை வருகிறது, அனுராதபுரம் வருகிறது. யானைகள் இறங்கிக் கடக்கும் ஒடுங்கிய துறையைக் கல்கி யானை இறவு என்று எழுதுகிறார். தொண்டைமானாறு கடலில் கலக்கும் இடமும் உண்டு. ஆனையிறவைத் தாண்டி எத்தனையோ தரம் பேருந்தில் போய்வந்த பிள்ளை, அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது தன் ஊரைத் தமிழின் மிகப் பெரிய கதைக்குள் காண்கிறது. கல்கியின் ஈழத்தில் போர்வீரரும் பிக்குகளும் யானைகளும் இருக்கிறார்களே தவிர, வயலும் குளமும் வைத்து வாழ்ந்த வன்னி ஆட்கள் இல்லை என்பது என் பழைய மனக்குறை. அது கல்கியோடு நான் தீர்க்க வேண்டியது. ஊரின் பெயர்களையாவது அவர் வைத்தார்.

படத்தில் ஈழம் இருக்கிறது. முடியை ஏற்கும்படி அருள்மொழியைப் பிக்குகள் கேட்பதும் கடற்போரும் புயலும் இருக்கின்றன. நடந்து கடக்கும் வழி இல்லை, துறைகளின் பெயர் இல்லை. படப்பிடிப்பு 2019 டிசெம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது, ஈழத்துக் காட்சிகள் பலவும் அங்கே பிடித்தவை. காசு, அனுமதி, யானைகள், பாதுகாப்பு என்று அதற்கு ஆயிரம் நியாயம் இருக்கும். நான் வழக்குப் போட வரவில்லை. நம்முடைய காடும் கரையும் கதையை விட்டு வெளியே போயின என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

இப்போது அம்மாளாச்சியிடம் வருவோம்.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892 இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்ணகி இந்த நந்திக்கடல் ஓரத்தில் இருந்தாள். இளங்கோவின் வரிகளில் ஒன்றைக்கூட அறியாத ஆட்கள் அவளுக்குப் பொங்கினார்கள். வன்னியில் ‘சிலம்பு கூறல்’ என்றும், யாழ்ப்பாணத்தில் ‘கோவலனார் கதை’ என்றும், மட்டக்களப்பில் ‘கண்ணகி வழக்குரை’ என்றும் வழங்கும் பாட்டுக் கதையை எடுத்துப் பாருங்கள். வழக்குரையைப் பண்டிதர் வி.சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்தார். அதில் கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். இளங்கோவிடம் இது கிடையாது. அவளுடைய சிலம்புக்குப் பரலாக வைக்க நாகமணி வேண்டும் என்று மீகாமன் கப்பல் கட்டிக் கடலோடி வருகிறான். எங்கே வருகிறான்? நம்முடைய கடலுக்கு. வெடியரசனோடு சண்டை பிடிக்கிறான். நெடுந்தீவில் இன்றும் வெடியரசன் கோட்டை என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். இளங்கோவின் சிலம்பில் மாணிக்கம் இருந்தது. அந்த மாணிக்கத்தைத் தேடித் தங்கள் கடலுக்கே கப்பலை வரவழைத்துவிட்டார்கள் இந்தத் தீவின் பாடகர்கள்.

இளங்கோவின் கண்ணகி மதுரையை எரித்துவிட்டுச் சேர நாட்டு மலைக்குப் போய் வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுலகு சேர்கிறாள். இலங்கையின் கயவாகு மன்னனைக் காவியத்தின் முடிவில் அவரே ஒரு தரம் சொல்கிறார், அவ்வளவுதான். நம்முடைய கண்ணகியோ கடல் கடந்து, இடமிடமாகத் தங்கி, பத்தாவது இடமாக இங்கே வருகிறாள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்கள் முன்னே ஒரு கிழவியாக இருக்கிறாள். பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல்நீரை விட்டு ஏற்றச் சொல்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். ஒவ்வொரு வைகாசியிலும் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றிப் பிறகு இங்கே கொண்டுவருகிறோம். உலகத்தில் எந்தக் காவியத்தின் எந்தத் திரைவடிவத்தில் இத்தனை துணிச்சலான சேர்க்கை இருக்கிறது?

இவ்வளவு மாற்றியும் ஒருவரும் எழுந்து நின்று, இது இளங்கோ எழுதாதது என்று சண்டை பிடிக்கவில்லை. புலவர்கள் சிலர் புத்தகங்களில் எழுதியிருக்கலாம். பொங்கலுக்கு வருகிற பெருஞ்சனத்தில் யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த மாற்றம் கேட்கிறவருக்குக் கதையில் பங்கு கொடுத்தது. மாடு மேய்க்கிற பெடியனுக்கு அதில் இடம் இருக்கிறது. பொங்கல் பானைக்கு இடம் இருக்கிறது. இந்த உப்புத்தண்ணீருக்கும் இடம் இருக்கிறது.

முல்லைத்தீவின் கோவலன் கூத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். கூத்தில் ஏட்டை வைத்திருப்பவர் அண்ணாவியார். ஆனால் அவர் தன் எண்ணத்துக்கு ஆட்டிவிட முடியாது. பழகுகிற காலம் முழுவதும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். முந்தின தலைமுறையில் கண்ணகிக்கு ஆடிய கிழவர் வாங்கில் இருப்பார். பாட்டில் ஒரு வரி தவறினால் சபையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அது பிடித்தால் அடுத்த ஆண்டும் நிற்கும், பிடிக்காவிட்டால் உதிர்ந்துவிடும். ரசிகர் கருத்து என்பது அங்கே ஆக்கத்தின் ஒரு பகுதி. படத்தில் அது இல்லை. படம் முடிந்த பொருளாக வருகிறது. பிடிக்காத இடத்தை அடுத்த வைகாசியில் திருத்த முடியாது. அதனால் ரசிகரிடம் இருப்பது கோபம் ஒன்றுதான்.

கண்ணகியும் படங்களில் வந்திருக்கிறாள். 1942 இல் கண்ணாம்பா நடித்த ‘கண்ணகி’, 1964 இல் கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்தில் ‘பூம்புகார்’, 2016 இல் சுனில் ஆரியரத்ன இயக்கிய சிங்களப் படமான ‘பத்தினி’. மூன்றும் மூன்று கண்ணகிகள். மூன்றையும் தனித்தனியே ஆராய இன்று நேரம் இல்லை.

வெளியுலகத்துக்குப் போனாலும் படமாக்கியவரோடு இதே வழக்குத்தான். ஜேர்மனிய எழுத்தாளர் மிகாயேல் எண்டே, தம் ‘முடிவில்லாக் கதை’யை 1984 இல் படமாக்கிய விதத்தைப் பார்த்துவிட்டுத் தம் பெயரை எடுக்கச் சொன்னார், வழக்கும் போட்டுத் தோற்றார். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் எழுதிய ‘ஏர்த்சீ’ கதைகளில் பெரும்பாலானோர் கருமையோ செம்பழுப்போ ஆன தோல் உடையவர்கள், நாயகன் உட்பட. 2004 இல் தொலைக்காட்சியில் எடுத்தவர்கள் அவனை வெள்ளையனாக்கினார்கள். லெ குவின் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். தம் புத்தகத்தில் முதன்முறையாகத் தங்களைக் கண்ட பிள்ளைகளிடமிருந்து அந்த முகத்தைப் பறித்துவிட்டார்கள் என்பதுதான் விடயத்தின் சாரம். தாய்லாந்தைப் பற்றி நான் சொன்னது சின்ன விடயமாகத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயரான ரோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ எல்லோருக்கும் தெரிந்தது. பீற்றர் ஜக்சன் 2001 தொடக்கம் 2003 வரை அதை மூன்று படங்களாக எடுத்தார். காட்டில் பாடித் திரியும் ரொம் பொம்படில் என்ற பாத்திரத்தை விட்டுவிட்டார் என்று வாசகர்கள் இன்றும் முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் கவலை இல்லை, அவர் இல்லாமலும் கதை நடக்கும். இன்னொன்றை விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில், போர் முடிந்து வென்றுவிட்டுச் சிறிய மனிதர்கள் நால்வரும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். ஊர் அவர்கள் விட்ட ஊராக இல்லை. மரங்களைத் தறித்திருக்கிறார்கள். வீடுகளை இடித்திருக்கிறார்கள். வாசலில் தடை போட்டு, யார் நீ, எங்கே போகிறாய் என்று கேட்க வேறு ஆட்கள் நிற்கிறார்கள். தங்கள் ஊருக்குள் போக அவர்கள் இன்னொரு தரம் போராட வேண்டியிருக்கிறது. ரோல்கீன் முதலாம் உலகப் போரில் சொம் போர்முனையில் நின்றவர். இந்த அத்தியாயம் கதையின் இன்றியமையாத பகுதி, தொடக்கத்திலேயே திட்டமிட்டது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். படத்தில் அது இல்லை. நால்வரும் திரும்பி வரும்போது ஊர் பச்சையாக, விட்டபடியே இருக்கிறது.

2009 இல் போர் முடிந்த பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்து, வேலி இருந்த இடத்தையும் கிணறு இருந்த இடத்தையும் தேடியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடியது. பக்கத்துக் கேப்பாப்பிலவில் 2017 இல் தங்கள் காணிக்காகத் தெருவோரம் இருந்தவர்களையும் நீங்கள் அறிவீர்கள். திரும்பிவருதல் என்பது கதையின் முடிவு அல்ல, அது இன்னொரு கதையின் தொடக்கம் என்று ஒரு ஆங்கிலேயர் 1950களிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார். நமக்கென்றே எழுதியது போன்ற அந்த அத்தியாயத்தைத்தான் வெட்டினார்கள். படம் நன்றாக ஓடியது, பரிசுகள் வாங்கியது. அந்த வெட்டு எங்கோ இருக்கும் பெரும்பாலான பார்வையாளருக்கு வலிக்கவில்லை. வலித்தவர்கள் யார் என்பதில்தான் விமர்சனம் இருக்கிறது. இந்த அவையில் இருக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம் பார்த்தால் போதும் என்று விடாமல், நாவலின் அந்தக் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள்.

நம்முடைய கதைகளுக்கு வருகிறேன். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் படமானது. நெடுந்தீவுக் கடலும் பருவத்துக்கு வந்து வாடியடிக்கும் மீனவரும் கதையாக இருந்த நாவல் அது. குறைந்த பணத்தில், நம் நடிகர்களை வைத்து, நம் பேச்சில் எடுத்தார்கள். குறைகள் இருந்தன. ஆனால் நாவலை வாசித்தவர் தன் கடலை அதில் தேட வேண்டியிருக்கவில்லை.

வன்னிக்கு அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ இருக்கிறது. 1973 இல் வந்தது. தண்ணிமுறிப்புக் காடும் குளமும் வயலும், கதிராமனும் பதஞ்சலியும். முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை வாசித்திருக்கிறீர்கள் என்று கை உயர்த்தச் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை. உங்கள் ஆசிரியர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக விடுகிறேன்.

இப்போது ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு மூன்று பெடியளாவது குறும்படம் எடுக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்து, மடிக்கணினியில் வெட்டி ஒட்டி முடிக்கிறார்கள். அவர்களிலே ஒருவர் ஒரு நாள் ‘நிலக்கிளி’யைக் கையில் எடுக்கக்கூடும். அவருக்கு நான் சொல்வது இதுதான். வெட்ட வேண்டியதை வெட்டுங்கள், நாவலாசிரியர் எழுதாததைச் சேர்க்கவும் பயப்படாதீர்கள், இந்த ஊர் கண்ணகிக்கே அதைச் செய்திருக்கிறது. ஆனால் எடுக்கும்போதே கூத்துப் பழக்கக் களரியைப் போலக் கதவைத் திறந்து வையுங்கள். தண்ணிமுறிப்பில் வயல் செய்தவர்களையும், அந்தக் காட்டில் தேன் எடுத்தவர்களையும் கூப்பிட்டு, முடிந்த படத்தை அல்ல, முடியாத படத்தைக் காட்டுங்கள். அவர்கள் பிழை என்று சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்குப் போக வேண்டியதில்லை, தண்ணிமுறிப்பு இங்கிருந்து கிட்டத்தான்.